காடு தானாக வளர்ந்தால் கிரெடிட் எதற்கு?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பாதுகாக்கப்பட்ட அரசு நிலத்தில் அழிந்துபோன இயற்கைக் காட்டை மறுபடி எழச் செய்து, அது உறிஞ்சும் கரியமில வாயுவைக் கார்பன் கிரெடிட்டாக விற்கிறார்கள். நிலம் ஏற்கெனவே காப்பில் இருக்கிறது, யாரும் வெட்டப் போவதில்லை, காடு எப்படியும் வளரும். பிறகு எதற்குப் பணம்?

இந்தச் சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்து நிற்கிறது. காடு உண்மையிலேயே எப்படியும் வளரும் என்றால் அந்தக் கிரெடிட் வெற்றுத்தாள். ஆனால் "எப்படியும் வளரும்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பல இடங்களில் வேலி போட்டு, பலகை வைத்து, முப்பது ஆண்டு காத்திருந்தாலும் புல்தான் நிற்கும். எந்த நிலம் எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. அதை வாங்கும் நிறுவனம், தான் வெளியிட்ட ஒரு டன்னுக்கு ஈடாக வேறெங்கோ ஒரு டன் குறைந்துவிட்டது என்று கணக்கு எழுதிக்கொண்டு தன் வேலையைத் தொடர்கிறது. ஆகவே அந்தக் குறைவு, கிரெடிட் பணம் வந்ததால் மட்டுமே நடந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் புகை உண்மை, மறு பக்கம் ஈடு பொய். இதைக் 'கூடுதல்தன்மை' என்பார்கள். இன்னொரு நிபந்தனை 'நிலைப்பு'. உறிஞ்சிய கார்பன் மரத்திலேயே நீண்ட காலம் இருக்க வேண்டும். பத்து ஆண்டில் வெட்டினாலோ எரிந்தாலோ விற்ற கிரெடிட்டைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பாதுகாக்கப்பட்ட அரசு நிலத்தின் சிக்கல் இங்கேதான். நிலைப்பில் அது தேர்ச்சி பெறும், கூடுதல்தன்மையில் தடுமாறும். தனியார் மேய்ச்சல் நிலம் இதற்கு நேர் எதிர். கோஸ்டா ரிகாவின் தென்பகுதியில் தானாக முளைத்த காடுகளைப் பழைய வான்படங்களை வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பாதி 20 ஆண்டுக்குள் மறுபடி வெட்டப்பட்டுவிட்டது. 54 ஆண்டுக்குள் 85 விழுக்காடு போய்விட்டது. நிலம் கொஞ்ச காலம் ஓய்வில் கிடக்கும், புதர் மண்டும், பிறகு உரிமையாளர் மறுபடி திருத்திவிடுவார். அந்த அபாயம் தேசியப் பூங்காவுக்குள் மிகக் குறைவு. ஆனால் அபாயத்தைக் குறைக்கும் அதே சட்டம்தான், "இங்கே காடு வரவேண்டும் என்பது ஏற்கெனவே அரசின் கடமை, நீங்கள் புதிதாக என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வியையும் கிளப்புகிறது.

சரி, காடு தானாக வராத நிலம் எப்படி இருக்கும்?

கோஸ்டா ரிகாவின் வடமேற்கில் உள்ள குவானாகாஸ்தே நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மேய்ச்சலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஹராகுவா புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கோடையில் காய்ந்து, ஆண்டுதோறும் எரிந்தது. எரிந்தாலும் புல்லின் வேர் பிழைக்கும். இடையில் முளைத்த மரக்கன்று செத்துவிடும். மறு மழைக்குப் புல் இன்னும் அடர்த்தியாக வரும். இது ஒரு பூட்டு. 1980-களில் சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் முன்னின்று தொடங்கிய முயற்சியில் முதன்மையான வேலை மரம் நடுவது இல்லை, தீயை நிறுத்துவது. அதோடு முதல் ஆண்டுகளில் மாடுகளை விட்டே புல்லைக் கட்டுக்குள் வைத்தார்கள். தீ நின்றதும் காற்றில் பறந்து வரும் விதைகள் முதலில் பிடித்தன. பறவையும் விலங்கும் கொண்டுவரும் விதைகள் பின்னால் வந்தன. மாட்டையே காடு வளர்க்கும் கருவியாக்கியது இன்றும் பலருக்குச் செரிக்காத செய்தி.

அதே பகுதியில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கார்பன் சந்தையோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும். 1990-களின் பிற்பகுதியில் ஒரு பழச்சாறு நிறுவனத்தின் ஆரஞ்சுத் தோல், சுமார் 12,000 டன், பாதுகாப்புப் பகுதிக்குள் பாழ்பட்டுக் கிடந்த 3 ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தில் கொட்டப்பட்டது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டது, திட்டம் நின்றது, எல்லாரும் மறந்துபோனார்கள். 2017-இல் வந்த ஆய்வு, கொட்டிய பக்கத்தில் தரைக்கு மேலான உயிர்த்திரள் (தாவரங்களின் எடை) பக்கத்து நிலத்தைவிட 176 விழுக்காடு அதிகம் என்று காட்டியது. தோல் புல்லை மூச்சுத்திணற வைத்தது, மண்ணுக்கு உரமும் ஆனது. அந்தப் பூட்டுக்கு அதுவே சாவி.

பூட்டு இடத்துக்கு இடம் மாறும். நியூஸிலாந்தில் வௌவாலைத் தவிர உள்நாட்டுத் தரைவாழ் பாலூட்டியே கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்த மான், ஆடு, மரமேறிப் பாலூட்டியான பொஸம் ஆகியவை அந்த நாட்டு மரங்களின் கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன. பெரிய மரங்கள் நிற்கும், அடியில் அடுத்த தலைமுறை இராது. வெட்டுக்குப் பின் விட்டுவைத்த வெப்பமண்டலக் காட்டில் கொடிகள் அமுக்கும். வேறு இடங்களில் விதை வந்து சேராததே தடை: பறவைகள் வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும், தாய்க்காட்டிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப்போனாலே விதை வரத்து மெலிந்துவிடும். பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் செய்த கணக்கு, துண்டு துண்டான நிலத்தில் பழந்தின்னிப் பறவைகளின் நடமாட்டம் குறைவதால் மீளும் காடு எட்டக்கூடிய கார்பன் 38 விழுக்காடு வரை சுருங்கும் என்கிறது. கனமான கட்டை உள்ள மரங்களின் பெரிய விதைகளைச் சுமப்பவை பெரிய பறவைகளே. அவை இல்லாவிட்டால் மென்கட்டை மரங்களே மிஞ்சும்.

ஆகவே நான் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது: இங்கே காட்டைத் தடுத்து வைத்திருப்பது எது, அதை நீக்க யார் செலவு செய்கிறார், அந்தச் செலவு ஏற்கெனவே துறையின் நிதிக்கணக்கில் இருந்ததா? மூன்றாவது கேள்வியைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தீத்தடுப்புக்கு அரசு ஒதுக்கிய தொகை கார்பன் பணம் வந்த ஆண்டிலிருந்து சத்தமில்லாமல் குறைந்தால், நிலத்தில் எதுவும் கூடவில்லை. கருவூலத்துக்கு மிச்சம், அவ்வளவே. எந்தச் செயற்கைக்கோளும் இதைக் காட்டாது. வரவுசெலவுக் கணக்கைப் புரட்ட வேண்டும்.

தடை எது என்று தெளிவாகக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2013-இல் வந்த 'மனிதத் தூண்டுதலால் மறுவளர்ச்சி' என்ற முறையின் கீழ், வறண்ட உள்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் ஆடுமாட்டைக் குறைத்து, உள்நாட்டு மரங்கள் மறுபடி வளர்ந்ததாகக் கிரெடிட் வழங்கினார்கள். அந்நிலங்களில் பெரும்பகுதி பாதுகாப்புப் பகுதி இல்லை, குத்தகைக்கு விட்ட அரசு நிலம். ஆனாலும் பாடம் ஒன்றே. எவ்வளவு கார்பன் சேர்ந்தது என்பதை மரத்தை அளந்து சொல்லவில்லை, கணினி மாதிரி சொன்னது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே வரிக்கு வரி பொருந்தும். 2022 மார்ச்சில், அந்நாட்டுக் கார்பன் கிரெடிட் திட்டத்தின் முறைகளைச் சரிபார்க்கும் குழுவுக்கே முன்பு தலைவராக இருந்த ஆண்ட்ரூ மெக்கின்டோஷ் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அவர் வாதம் எளியது: அந்த வறண்ட நிலத்தில் மரம் கூடுவதையும் குறைவதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் மழை, மேய்ச்சல் அன்று, மேலும் பல இடங்கள் ஒருபோதும் முழுசாக வெட்டப்பட்டவையே இல்லை. அதாவது மழை பெய்ததற்குக் கூலி கேட்டிருக்கிறார்கள்.

அரசு, இயன் சப் தலைமையில் மறுஆய்வுக் குழு அமைத்தது. 2023 ஜனவரியில் வெளியான அதன் அறிக்கை, திட்டத்தின் அடிப்படை அமைப்பு சரிதான் என்றது, திருத்தங்களையும் பரிந்துரைத்தது. 2024-இல் மெக்கின்டோஷ் குழு 182 திட்டங்களின் செயற்கைக்கோள் தரவை வெளியிட்டது: ஏறக்குறைய 80 விழுக்காட்டில் மரப்பரப்பு மாறவில்லை என்றே சொல்லலாம், அல்லது குறைந்திருந்தது. ஒழுங்குமுறை ஆணையம் இந்த முடிவை ஏற்கவில்லை. என் பார்வையில் விமர்சகர்கள் பக்கமே கனம் கூடுதல். காரணம், திட்ட எல்லைக்கு வெளியே உள்ள ஒத்த நிலத்தோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான சோதனை, அவர்கள் செய்தது அதை.

இந்த ஒப்பீட்டு முறை இப்போது மெல்ல விதியாகி வருகிறது. கார்பன் கிரெடிட்டுக்கு விதி வகுத்துப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு 2023 செப்டம்பரில் வெளியிட்ட 'விஎம் 0047' என்ற காடு வளர்ப்பு முறையில், திட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மாதிரிப் பகுதிக்கும் வெளியே அதே மண், அதே மழை, அதே பழைய நிலைமை கொண்ட இணைகளைத் தேர்ந்து, இரண்டையும் தொலையுணர்வில் தொடர்ந்து பார்க்கிறார்கள். வெளியே தானாக வளர்ந்த அளவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கே கிரெடிட். "எப்படியும் வளர்ந்திருக்கும்" என்ற ஐயத்துக்கு வாயால் பதில் சொல்லாமல் அளந்து பதில் சொல்லும் வழி இது. பாதுகாக்கப்பட்ட நிலத்தில் மட்டும் ஒரு சிக்கல்: இணை நிலமும் அதே காப்பின் கீழ் இருக்க வேண்டும். பூங்காவுக்குள் இருப்பதை வெளியே இருக்கும் மேய்ச்சல் காட்டோடு ஒப்பிட்டால், சட்டம் ஏற்கெனவே செய்த வேலைக்கும் சேர்த்து விலை வைத்ததாகிவிடும்.

இந்தக் கழித்தல் எவ்வளவு பெரியது என்பதற்கு மலேசியாவின் சபாவில் நடந்த வேலையை விடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது. நெதர்லாந்தின் மின் உற்பத்தியாளர்கள் உருவாக்கிய ஃபேஸ் அறக்கட்டளையும் சபா அறக்கட்டளை தரப்பும் 1992 முதல் சேர்ந்து, மரம் வெட்டி முடித்த காட்டில் கொடிகளை அறுத்து, இடையிடையே உள்நாட்டு மரங்களை நட்டார்கள். 2020-இல் வெளியான நீண்ட கால அளவீடு: தானாக விட்ட காட்டில் தரைக்கு மேல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2.9 டன் கார்பன் சேர்ந்தது. கவனித்த காட்டில் 4.4 டன். விற்பனைக்காரர் விளம்பரத்தில் 4.4 என்று போடுவார். உண்மையில் விற்கத் தகுந்தது இடைவெளியான 1.5 டன் மட்டுமே. கார்பனைக் கரியமில வாயுவாக மாற்ற 44-ஐ 12-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். அப்படியானால் சுமார் 5.5 டன், அதாவது ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஐந்தரைக் கிரெடிட். செலவு கட்டுப்படியாக டன்னுக்கு 40 முதல் 80 டாலர் வரை தேவைப்படும் என்பது அந்த ஆய்வாளர்களின் கணக்கு. நிறுவனங்கள் தாமாக வாங்கும் தன்னார்வச் சந்தையில் அன்றைய விலை 10 டாலருக்குள்ளேயே இருந்தது. எத்தனையோ திட்டங்கள் அடிநிலையை, அதாவது திட்டம் இல்லாவிட்டாலும் வளர்ந்திருக்கும் அளவை, குறைத்துக் காட்டும் ஆசைக்கு ஏன் விழுகின்றன என்பது இந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

வெறும் புல்வெளியில் தொடங்கும் திட்டத்தில் எண்கள் கவர்ச்சியாக இருக்கும். லத்தீன் அமெரிக்காவின் 45 இடங்களில் மீளும் காடுகளை அளந்த 2016 ஆய்வு, 20 ஆண்டில் ஹெக்டேருக்குச் சராசரி 122 டன் உயிர்த்திரள் என்றது. உலர்எடையில் பாதி கார்பன் என்று கொண்டால் ஆண்டுக்கு 3.05 டன் கார்பன், ஏறக்குறைய 11 டன் கரியமில வாயு. முதிர்ந்த காட்டின் வேகத்தைப் போல 11 மடங்கு. சராசரியைக் கண்டு மயங்க வேண்டாம். அதே ஆய்வில் 20 ஆண்டுக் காடுகள் 20 டன்னிலிருந்து 225 டன் வரை சிதறிக் கிடக்கின்றன. மழையும் மண்ணும் அவ்வளவு விளையாடும். முதிர்ந்த காட்டின் 90 விழுக்காட்டை எட்ட 66 ஆண்டு ஆகும் என்பது இடைநிலைக் கணக்கு. பல திட்டங்களின் ஆயுள் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இன்னொரு சபலமும் உண்டு. நியூஸிலாந்தின் அரசு அட்டவணைப்படி உள்நாட்டுக் காடு 50 ஆண்டில் ஹெக்டேருக்குச் சுமார் 320 டன் கரியமில வாயு சேர்க்கும். வெளிநாட்டு ரேடியேட்டா பைன் அதைப் பாதிக்கும் குறைந்த காலத்தில் தாண்டிவிடும். சந்தை டன்னைத்தான் எண்ணும், எந்த மரத்தின் டன் என்று கேட்காது. பாதுகாக்கப்பட்ட நிலத்தில் பைனுக்கு இடம் இல்லை என்று சட்டம் சொல்வதாலேயே அங்கே உள்நாட்டுக் காடு பிழைக்கிறது. அந்த நாட்டுத் திட்டத்தில் 1989 டிசம்பர் 31 அன்று காடாக இல்லாத நிலத்துக்கே கிரெடிட். பாதுகாப்பு நிலம் நாட்டின் பரப்பில் சுமார் மூன்றில் ஒன்று இருந்தும், பெரும்பகுதி அதற்கு முன்பே காடு. அங்கே மானைக் கட்டுப்படுத்திக் காட்டைக் காப்பாற்றினாலும் ஒரு கிரெடிட் கிடைக்காது. அநியாயம் என்று பலர் வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் உயிரியல் சரி. ஆனால் அங்கே 'கூடியது எவ்வளவு' என்று அளப்பது வெறும் புல்வெளியைவிடப் பல மடங்கு கடினம்.

இனி மனிதர்கள். 'பாதுகாக்கப்பட்ட அரசு நிலம்' என்ற சொல்லுக்குள்ளே பல இடங்களில் முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் மறைந்து கிடக்கிறார்கள். அதே ஃபேஸ் அறக்கட்டளை 1994-இல் உகாண்டாவில் இரண்டு தேசியப் பூங்காக்களில் வேலை தொடங்கியது. கிபாலேவில் யானைப்புல்லும் தீயும் பிடித்து வைத்திருந்த நிலத்தில் காடு திரும்பியது. அந்தத் திட்டம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எல்கன் மலையில் 25,000 ஹெக்டேருக்குத் திட்டமிட்டார்கள். அங்கே 1993-இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அந்த மலையின் பூர்வகுடிகளான பெனெட் மக்கள் உட்படப் பலர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். எல்லைக்கோடு எங்கே என்பதிலேயே தகராறு. 2005-இல் நீதிமன்றம் பெனெட் மக்களின் உரிமையை ஏற்றது. அதற்குப் பிறகு எல்லையோரத்தில் நட்ட மரங்களை மக்கள் வெட்டிச் சாய்த்து, அடிக்கட்டைகளுக்கு நடுவே பயிர் வைத்தார்கள். ஆவணத்தில் நிலம் அரசுடையது, நிலைப்புக்குச் சட்டக் காப்பு உண்டு. நிலத்தில் அந்தக் கார்பன் சமையல் விறகாகப் போனது. கிபாலேவிலும் 1992-இல் வெளியேற்றம் நடந்தது என்பதை இங்கே விட்டுவிடக் கூடாது. அங்கே மரம் நின்றதாலேயே நியாயம் நடந்தது என்று ஆகிவிடாது.

இதனால்தான் நிலைப்பில் தேர்ச்சி என்று மேலே சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். தீக்குச் சட்டம் தெரியாது. எரிந்தால் ஈடுகட்டப் பெரும்பாலான திட்டங்கள் கிரெடிட்டில் ஒரு பங்கைப் பொதுக் கையிருப்பில் போடுகின்றன. கலிபோர்னியாவின் கையிருப்பில், நூறு ஆண்டுக்கான தீ அபாயத்துக்கு என ஒதுக்கியதில் 95 விழுக்காட்டையாவது முதல் பத்து ஆண்டின் காட்டுத்தீக்களே தின்றுவிட்டன என்று 2022 ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

அரசு நிலத்துக்கே உரிய இன்னொரு கண்ணி உண்டு. அந்தக் காட்டின் வளர்ச்சியை நாடு தன் பாரிஸ் ஒப்பந்த உறுதிமொழிக் கணக்கிலும் எழுதும். அதே டன்னை வெளிநாட்டு வாங்குபவரும் தன் இலக்குக்கு எழுதினால் ஒரு மரம் இரண்டு பேருக்குச் சாட்சி சொன்னதாகும். ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, விற்கும் நாடு தன் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும் என்கிறது. ஆனால் நிறுவனங்கள் தாமாக வாங்கும் சந்தையில் இந்தக் கழிப்பு பெரும்பாலும் கட்டாயம் இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகும், முற்றிலும் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிரேசிலைப் பாருங்கள். பொதுக்காடுகளைக் குத்தகைக்கு விடும் 2006 சட்டத்தை 2023-இல் திருத்தி, குத்தகைதாரர் கார்பன் கிரெடிட்டும் விற்கலாம் என்று ஆக்கினார்கள். 2025-இல் பாரா மாநிலம், ட்ரியூன்ஃபோ தோ ஷிங்கு பாதுகாப்புப் பகுதியில் சுமார் 10,000 ஹெக்டேரைக் காடு மீட்புக்கென 40 ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விட்டது. அந்தப் பகுதி பெயரளவில் காப்பில் இருந்தாலும் மாடு வளர்ப்பவர்கள் புகுந்து பெருமளவு அழித்துவிட்ட இடம். அங்கே "எப்படியும் வளரும்" என்று யாரும் சொல்ல முடியாது. கூடுதல்தன்மை உறுதி. ஆனால் காப்பு பலவீனமாக இருந்ததால்தானே அது உறுதியானது? அதே பலவீனம் இப்போது நிலைப்பைக் கடிக்கும். புகுந்தவர்களை வெளியேற்றுவது யார், மறுபடி புகுந்தால் தடுப்பது யார் என்பதில்தான் அந்தக் குத்தகையின் உயிர் இருக்கிறது, நாற்றங்காலில் இல்லை.

பணம் வரும் காலமும் இடிக்கும். வேலி, தீத்தடுப்புக் கோடு, காவல் ஆள் என்று செலவு முதல் மூன்று நான்கு ஆண்டில் குவியும். அளந்து சரிபார்த்துக் கிரெடிட் கைக்கு வரப் பல ஆண்டு பிடிக்கும், அதுவும் கன்றுகள் சிறிதாக இருக்கும்போது சொற்பமே. இந்த இடைவெளிக்கு முன்பணம் தருபவர் எதிர்காலக் கிரெடிட்டை மலிவான விலைக்கு இப்போதே எழுதி வாங்கிக்கொள்வார். பொதுச் சொத்தில் இது நடக்கும்போது ஒப்பந்தம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். பெரும்பாலும் 'வணிக இரகசியம்' என்ற முத்திரையோடு பூட்டி வைக்கப்படுகிறது.

கேட்டவருக்கு ஒரு நடைமுறை வழி. பெரும்பாலான திட்டங்களின் ஆவணம் கிரெடிட் வழங்கும் அமைப்பின் பதிவேட்டில் பொதுவில் கிடைக்கும், சில நூறு பக்கம் இருக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். அடிநிலை பற்றிய பகுதிக்குப் போங்கள். காட்டைத் தடுக்கும் பொருளின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்: இன்ன புல், இன்ன விலங்கு, எத்தனை ஆண்டுக்கொரு முறை தீ. அடுத்து, ஒப்பீட்டு நிலங்களின் வரைபடம் இருக்கிறதா, அவையும் அதே காப்பின் கீழ் உள்ளவையா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். "சீரழிந்த நிலம்" என்ற இரண்டு சொல் மட்டும் இருந்தால் மூடி வைத்துவிடலாம்.